நூல் இருக்கிறது, தேடத் தெரியவில்லை

சென்ற ஆண்டு முதுகலைப் பொருளியல் இறுதியாண்டு மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டுக்கான நூற்பட்டியலுடன் என் வீட்டுக்கு வந்தார். திருமயம் பக்கத்துச் சிற்றூர். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். தம் ஊர்க் கண்மாயின் பாசனப் பரப்பு காலப்போக்கில் எவ்வாறு மாறி வந்துள்ளது என்பதை ஆராய விரும்பினார். பட்டியலில் 14 நூல்களும் கட்டுரைகளும் இருந்தன. அவற்றில் ஐந்து நான் கேள்விப்படாதவை. அதில் வியப்பில்லை. ஆனால், அந்த ஐந்தில் ஒன்று நான் நன்கு படித்திருக்கும் ஓர் அறிஞரின் பெயரில் இருந்தது. அவர் அப்படியொரு நூலை எழுதியதே இல்லை.

பட்டியல் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கியதாகத் தயக்கமின்றிச் சொன்னார். பட்டியலைக் கொண்டு கல்லூரி நூலகத்திலும் தேடியிருக்கிறார். 'நம்ம லைப்ரரியில ஒண்ணுமே இல்லைங்க ஐயா, தலைப்பை மாத்திக்கலாம்னு இருக்கேன்' என்றார்.

பொய்ப் பட்டியலைவிட இந்தக் கடைசி வாக்கியமே என்னை உறுத்தியது. அது நான் பணியாற்றி ஓய்வுபெற்ற கல்லூரியின் நூலகம். அவருக்கு வேண்டிய நூல்களில் சிலவற்றை வாங்குவதற்கான பரிந்துரைப் படிவத்தில் கையொப்பமிட்டவன் நான்தான். மறுநாள் காலை இருவரும் நூலகத்துக்குச் சென்றோம்.

அங்குள்ள கணினிப் பட்டியலில் அவர் முதலில் 'புதுக்கோட்டை' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினார். போட்டித் தேர்வுக் கையேடுகள் சிலவும், மாவட்டச் சுற்றுலா ஏடு ஒன்றும் திரையில் வந்தன. பார்த்தீர்களா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார். நான் அவரை வரலாற்று அலமாரிக்கு அழைத்துச் சென்று ஒரு நூலை எடுத்துக் கொடுத்தேன். நிக்கோலஸ் டர்க்ஸ் எழுதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1987-இல் வெளியிட்ட 'தி ஹாலோ கிரவுன்'. முழுக்க முழுக்கப் புதுக்கோட்டை சமஸ்தானத்தைப் பற்றியது. இனாம் நிலங்கள், ஊர் உரிமைகள், கோயில் மரியாதைகள் என அவர் ஆய்வுக்குப் பின்புலமாக அமையக்கூடிய பலவும் அதில் உண்டு. ஆனால், தலைப்பில் புதுக்கோட்டை என்ற சொல் இல்லை. துணைத் தலைப்பும் 'ஓர் இந்திய அரசு' என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. ஜோன் பன்சோ வாக்ஹார்ன் 1994-இல் வெளியிட்ட 'தி ராஜாஸ் மேஜிக் கிளோத்ஸ்' நூலும் இதே சமஸ்தானத்தை வைத்து எழுதப்பட்டதுதான். அதன் தலைப்பிலும் நம் ஊரின் பெயர் கிடையாது.

கண்மாய் பற்றிய நூல்களுக்கும் இதே கதி. ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்து டேவிட் மோஸ் எழுதிய நூலின் பெயர் 'தி ரூல் ஆஃப் வாட்டர்' (2003). கண்மாயைக் குறிக்கும் 'டேங்க்' என்ற ஆங்கிலச் சொல் அதன் தலைப்பிலும் இல்லை, துணைத் தலைப்பிலும் இல்லை. அ. வைத்தியநாதன் எழுதிய 'டேங்க்ஸ் ஆஃப் சவுத் இந்தியா' மட்டும் பெயரிலேயே பொருளைச் சொல்லிவிடுவதால் கணினியில் அகப்பட்டது. நல்ல நூல்கள் பலவும் தங்கள் பொருளைத் தலைப்பில் அறிவித்துக் கொள்வதில்லை என்பது நூலகம் பயன்படுத்துவோர் அறிய வேண்டிய முதல் செய்தி.

இந்தக் குறையை நிரப்பத்தான் நூலகவியலில் 'பொருள் தலைப்பு' என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரு நூலைப் பட்டியலிடும்போது அது எதைப் பற்றியது, எந்த இடத்தைப் பற்றியது என்பதைத் தனியே பதிவு செய்வார்கள். பழைய மர இழுப்பறைகளில் ஆசிரியர், தலைப்பு, பொருள் என்று ஒரே நூலுக்குப் பல அட்டைகள் இருந்தது இதற்காகவே. எங்கள் நூலகத்தில் அட்டைகளை நீக்கிக் கணினிக்கு மாறியபோது ஆசிரியர், தலைப்பு, விலை, வரவு எண் ஆகியவற்றை மட்டும் ஏற்றினார்கள். பொருளுக்கான கட்டம் பெரும்பாலான நூல்களுக்கு வெறுமையாகவே விடப்பட்டது. குறைந்த ஊதியத்தில், குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டிய தட்டச்சு வேலை அது. செய்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எனினும், அன்று விடுபட்ட அந்தக் கட்டம் பின்னர் வந்த மாணவர்களிடமிருந்து ஆயிரக்கணக்கான நூல்களை மறைத்துவிட்டது.

கணினி கைவிட்டால் அலமாரி இருக்கிறது. மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையைத்தான் நம் கல்லூரிகள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. பொருளியலுக்கு 330 என்பது பல மாணவர்களுக்குத் தெரியும். அந்த அலமாரியோடு அவர்கள் தேடலும் முடிந்துவிடும். ஆனால், கண்மாய் என்ற ஒரே பொருள் எத்தனை இடங்களில் சிதறிக் கிடக்கிறது பாருங்கள். நீர்வளம் என்ற நோக்கில் எழுதப்பட்டது 333.91-இல் இருக்கும். வேளாண் உற்பத்தியோடு இணைத்து எழுதியது 338.1-க்குப் போகும். கரை, மடை, கலிங்கு ஆகியவற்றின் கட்டுமானம் பற்றியது 627-இல் பொறியியலோடு நிற்கும். பயிருக்கு நீர் பாய்ச்சும் முறை 631-இல் வேளாண்மையோடு சேரும். கண்மாயை வெட்டிய மன்னரின் வரலாறு 954.82-இல் தமிழ்நாட்டு வரலாற்றுக்குள் அடங்கும். ஐந்து அலமாரிகளையும் பார்த்தவருக்கே பொருள் முழுமையாகப் புலப்படும். ஒரு நூலைக் கண்டுபிடித்தவுடன் அதன் இருபுறமும் உள்ள பத்துப் பத்து நூல்களின் முதுகைப் படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். எந்தக் கணினியும் தராத உதவியை அலமாரியின் இந்த அண்டை வீட்டார் தருவார்கள்.

வாசகர் இப்படி அலமாரி அருகே தாமே செல்லும் உரிமை நமக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டன் சென்று திரும்பிய பின், அங்கே திறந்த அலமாரி முறையைக் கொண்டுவந்தார். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளையும், 1933-இல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். லண்டன் கடையொன்றில் உதிரித் துண்டுகளை இணைத்துப் புதுப்புது உருவங்கள் செய்யும் விளையாட்டுப் பெட்டியைப் பார்த்ததிலிருந்தே அந்தப் பகுப்பு முறைக்கான எண்ணம் பிறந்தது என்பார்கள். அவருடைய விதிகளுள் ஒன்று வாசகரின் நேரத்தைப் பற்றியது. நூல்களைக் கண்ணாடி பீரோவில் பூட்டிச் சாவியை மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் கல்லூரிகள் அந்த விதியைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

எங்கள் நூலகத்திலும் அப்படியொரு பீரோ உண்டு. சாவி கிடைக்க அரை மணி நேரமாயிற்று. உள்ளே கே.ஆர். வெங்கடராம அய்யர் தொகுத்த 'புதுக்கோட்டை சமஸ்தான மேனுவல்' இருந்தது. 1938-இல் முதல் தொகுதியும், 1940-லும் 1944-லும் இரண்டாம் தொகுதியின் இரு பகுதிகளும் வெளிவந்தன. மண், மழை, பாசனம், நிலவரி ஆகியவற்றோடு ஊர்வாரியான குறிப்புகளும் கொண்ட பெருநூல். மன்னர் கல்லூரியின் முதல்வராயிருந்த எஸ். ராதாகிருஷ்ண அய்யர் 1916-இல் எழுதிய சமஸ்தான வரலாறு பக்கத்திலேயே இருந்தது. 1929-இல் சமஸ்தானம் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பும் அங்கே கிடந்தது. பொருளியல் மாணவிக்குக் கல்வெட்டு எதற்கு என்று அவர் கேட்டார். குளம் வெட்டியது, குமிழி அமைத்தது, நீர்ப்பங்கு விற்றது, ஏரி பராமரிப்புக்கு நிலம் ஒதுக்கியது என நம் பகுதிக் கல்வெட்டுகள் பேசும் செய்திகள் பொருளியல் அல்லாமல் வேறென்ன? அத்தொகுப்பு அரச மரபுகளின் வரிசையில் அமைந்தது. எனவே, ஊர்ப்பெயர் அடைவிலிருந்து தொடங்கினால்தான் அவர் ஊருக்குப் போய்ச் சேர முடியும். ஒரு நூலைத் திறந்தவுடன் முன்பக்கம் உள்ள பொருளடக்கத்தையும் பின்பக்கம் உள்ள அடைவையும் பார்த்துவிட்டுப் பிறகு உள்ளே நுழைவதை நாம் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதே இல்லை.

புள்ளிவிவரத்தைத் தேடுவோர் இன்னொரு கண்ணியில் சிக்குகிறார்கள். இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் உருவானது 1974 ஜனவரி 14-இல். அதற்கு முந்தைய ஆண்டுகளில் 'புதுக்கோட்டை மாவட்டம்' என்று தேடினால் எதுவும் கிடைக்காது. சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது 1948 மார்ச் 3-இல். அன்று முதல் அது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதி. ஆகவே 1951, 1961, 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் திருமயத்தைத் திருச்சிராப்பள்ளித் தொகுதிகளில் தேட வேண்டும். 1931-க்குப் போனால் சமஸ்தானம் என்ற தலைப்பில் தனியே இருக்கும். தனி மாவட்டமாக அது கணக்கில் வருவது 1981-இல்தான். அறந்தாங்கிப் பகுதி மாணவருக்கோ வழி வேறு. அவருடைய ஊர் அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. எனவே ஹெமிங்வே 1906-இல் எழுதிய தஞ்சாவூர் கெசட்டியரைப் புரட்ட வேண்டும். நம் மாவட்டத்துக்கென்று கெசட்டியர் வெளிவந்தது 1983-இல். அதை எழுதியவர் பின்னாளில் மேற்கு வங்க ஆளுநரான கோபாலகிருஷ்ண காந்தி என்பதை மாணவர்களிடம் சொன்னால் ஒரு சிலராவது ஆவலோடு எடுத்துப் பார்க்கிறார்கள்.

சொற்களும் காலத்துக்குக் காலம் வேறுபடும். நாம் கண்மாய் என்பதை வடமாவட்ட நூல்கள் ஏரி என்னும்; அரசு அறிக்கைகள் 'சிறுபாசனம்' என்ற தலைப்புக்குள் அடக்கிவிடும். புதுக்கோட்டைக்கே ஆங்கிலத்தில் பழைய எழுத்துக்கூட்டல்கள் பல. தேடுபவர் தம் நோட்டுப் புத்தகத்தில் தாம் தேடும் பொருளுக்கு வழங்கும் எல்லாப் பெயர்களையும் முதலில் எழுதிக்கொள்வது வீண் வேலையாகாது.

அன்று நண்பகலுக்குள் ஏழு நூல்கள் மேசைமீது சேர்ந்துவிட்டன. அடுத்து அவற்றின் அடிக்குறிப்புகளை வாசிக்கச் சொன்னேன். வைத்தியநாதன் யாரை மேற்கோள் காட்டுகிறார், மோஸ் யாரோடு மாறுபடுகிறார், இருவரும் சுட்டும் பழைய அறிக்கை எது என்று பார்த்தால் அதுவே அடுத்த தேடலுக்கான பட்டியல். ஒரே கட்டுரையை மூவர் சுட்டினால் அதைத் தவறவிடக் கூடாது. செயலி தரும் பட்டியலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எளிமையானது: இங்கே ஒவ்வொரு பெயரையும் ஏற்கெனவே ஒருவர் கையிலெடுத்துப் படித்திருக்கிறார். செயலியைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது தரும் எந்த நூலையும் ஒரு நூலகப் பட்டியலிலாவது பார்க்காமல் ஆய்வேட்டில் சேர்க்கக் கூடாது என்பதுதான் அவருக்கு நான் இட்ட ஒரே கட்டளை.

ஆய்விதழ்களின் கதை வேறு. 1949-இல் சச்சின் சௌத்ரி தொடங்கிய 'எகனாமிக் வீக்லி' 1966 முதல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யாக வருகிறது. இந்திய வேளாண் பொருளியல் சங்கத்தின் ஆய்விதழ் 1946 முதல் வருகிறது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் ஓர் ஆய்விதழ் நடத்துகிறது. கண்மாய் பற்றிய தரமான விவாதங்கள் நூல்களாவதற்கு முன் இத்தகைய இதழ்களில்தான் நடந்தன. எங்கள் நூலகத்தில் இவற்றின் கட்டடம் செய்யப்பட்ட தொகுதிகள் மாடிப்படிக்குக் கீழே அடுக்கப்பட்டிருந்தன. சில ஆண்டுகளுக்குச் சந்தா கட்டாததால் இடையிடையே பொக்கை விழுந்திருந்தது.

அந்தப் பொக்கையை இன்று இணையம் நிரப்புகிறது. ஆனால், அதற்கும் கதவு நூலகம்தான். இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் 'என்-லிஸ்ட்' திட்டத்தில் ஒரு கல்லூரி சிறு ஆண்டுக் கட்டணம் செலுத்தினால், மாணவர்கள் ஒவ்வொருவரும் தனிப் பயனர் பெயர் பெற்று ஆயிரக்கணக்கான மின்னிதழ்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். கட்டணம் செலுத்திய கல்லூரிகளிலும் எத்தனை மாணவர்கள் பயனர் பெயர் வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். என்னுடன் வந்த மாணவிக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டம் இன்னும் பெரியது: மூன்றாண்டுக்கு ரூ.6,000 கோடி, 30 பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். ஆனால், முதற்கட்டத்தில் இது மத்திய, மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டுமே. நம் மாவட்டக் கிராமப்புற மாணவர்களில் கணிசமானோர் படிக்கும் தனியார் கல்லூரிகள் வெளியே நிற்கின்றன. பொதுப்பணத்தில் வாங்கிய படிப்பை மாணவர் சேர்ந்த கல்லூரியின் வகையைப் பார்த்துப் பங்கிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பணம் எதுவும் கேட்காத வாயில்களும் உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா' தளத்தில் திறந்து கிடக்கின்றன. ஓர் ஆய்வேட்டின் முடிவுரையைவிட இரண்டாம் அத்தியாயமே தேடுபவருக்கு அதிகம் உதவும். முந்தைய ஆய்வுகளை அங்கேதான் வரிசைப்படுத்தியிருப்பார்கள். பழைய தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது.

இணையத்தில் கிடைப்பதெல்லாம் ஆய்விதழ் ஆகிவிடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் எதையும் அச்சேற்றும் 'பன்னாட்டு' இதழ்கள் பெருகிவிட்டன. 'ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே' என்பார்கள். அது தொடர் வெளியீட்டை அடையாளம் காணும் எண். தரச் சான்றிதழ் அன்று. பல்கலைக்கழக மானியக் குழு பராமரித்து வந்த 'கேர்' பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டதால், பொறுப்பு இப்போது படிப்பவர் தலையில் விழுந்திருக்கிறது. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் அத்துறையில் எதையேனும் எழுதியிருக்கிறார்களா, பழைய இதழ்கள் முழுமையாகப் பார்வைக்கு இருக்கின்றனவா, பொருளியலும் பல் மருத்துவமும் ஒரே இதழில் வருகின்றனவா என்று பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

கல்லூரி நூலகத்தில் இல்லாததற்கு ஊருக்குள்ளேயே வேறு இடம் இருக்கலாம். திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி தங்கள் சொந்த வருவாயில் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகத்தில் லட்சம் நூல்களுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. முதற்பதிப்புகளையும் நின்றுபோன சிற்றிதழ்களையும் நாடி வெளியூர் ஆய்வாளர்கள் அங்கே வருகிறார்கள். நம் மாணவர்களோ அவ்வழியாகச் செல்லும் பேருந்தில் தினமும் பயணம் செய்துகொண்டு, பொருள் கிடைக்கவில்லை என்கிறார்கள். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்கள் 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக இயங்குகின்றன. மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டுவிட்டது. காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம்.

மாணவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. பல அரசுக் கல்லூரிகளில் நூலகர் பணியிடம் காலியாகக் கிடக்கிறது. வேறு துறை ஆசிரியர் ஒருவர் கூடுதல் பொறுப்பாகச் சாவியை வைத்திருப்பார். கால அட்டவணையில் 'நூலக நேரம்' என்று எழுதப்பட்ட பாடவேளை, நடைமுறையில் ஆசிரியர் வராத வகுப்புக்கு வைக்கப்பட்ட மறுபெயர். என் பங்கும் இதில் உண்டு. முப்பதாண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தினேன். துணைநூற் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அந்த நூல்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று வகுப்பை அழைத்துச் சென்று காட்டியது விரல்விட்டு எண்ணத்தக்க முறைகளே. முதலாண்டில் சேரும் ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு மணி நேரம் போதும். அவரவர் ஊர்ப்பெயரைக் கொடுத்து, அதைக் குறிப்பிடும் மூன்று நூல்களைக் கண்டுபிடித்து வரச் சொல்லலாம். விடுபட்ட பொருள் தலைப்புகளையும் துறைக்கு ஓர் அலமாரி வீதம் ஆசிரியர்களே எழுதிக் கொடுத்தால் ஓராண்டில் கணினியில் ஏற்றிவிடலாம். தனி நிதி எதுவும் வேண்டாம்.

அந்த மாணவி தலைப்பை மாற்றவில்லை. மூன்று வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். கல்வெட்டுத் தொகுப்பின் அடைவில் அவர் ஊர் பெயர் சற்றே வேறு எழுத்துக்கூட்டலில் இருந்ததாம். அங்கே ஒரு குளத்துக்குக் குமிழி அமைத்த செய்தியும் இருந்ததாம். அதே குமிழிக் கல் இன்றும் கண்மாய்க்குள் நிற்கிறதா என்று பார்க்கத் தம் அப்பாவை அழைத்துக்கொண்டு மறுநாள் காலை போவதாகச் சொன்னார்.